வாழைப்பழம் வராத வருடங்கள்

க்ளூட்டன் இல்லாத உணவின் வரலாற்றைத் தேடினால் முதலில் கிடைப்பது ஒரு பஞ்சக் கதை. 1944-45 குளிர்காலம். ஜெர்மானியர் பிடியில் இருந்த மேற்கு நெதர்லாந்தில் ரொட்டி அபூர்வமாகிவிட்டது. மக்கள் ட்யூலிப் கிழங்கை அவித்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் செத்துப்போனார்கள். அந்த நேரத்தில் சீலியாக் நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்களாம். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்துவிட்டார்களாம். ஹேக் நகரத்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ அதைப் பார்த்துத்தான் கோதுமையைக் கண்டுபிடித்தார் என்று முடியும்.

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனால் டிக்கெ 1941-லேயே எழுதிவிட்டார்.

கொஞ்சம் பின்னால் போவோம். நோய் இதுதான்: கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் பட்டால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சாப்பிட்டது ஒட்டாது. கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பி, பிள்ளை வெளிக்குப் போயே கரையும். லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ 1888-இல் இதைத் துல்லியமாக விவரித்தார். குணமாக வழி இருந்தால் அது சாப்பாட்டில்தான் இருக்கும் என்றும் சொன்னார். ஆனால் அவர் கூடாது என்று தள்ளியது அரிசியை! மெல்லிசாக வெட்டி இருபுறமும் வாட்டிய ரொட்டி பரவாயில்லை என்றார். அவரிடம் வந்த ஒரு பிள்ளை தினமும் டச்சு மட்டி தின்று நன்றாகத் தேறியது. மட்டிக் காலம் முடிந்ததும் பழையபடி ஆனது. அடுத்த பருவத்தில் எவ்வளவு கெஞ்சியும் அது மட்டியைத் தொடவில்லை.

1924-இல் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவைக் கொண்டுவந்தார். ரொட்டி, தானியம், உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது, பழம் நிறைய. பிள்ளைகள் பிழைத்தார்கள். பெருமை முழுக்க வாழைப்பழத்துக்குப் போனது. எதைக் கொடுத்தோம் என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள், எதை நிறுத்தினோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. விளைவு கொடுமையானது: தேறிய பிள்ளைக்கு நோய் போய்விட்டது என்று நம்பி மறுபடி ரொட்டி கொடுத்தார்கள்.

இங்கேதான் போர் குறுக்கே வருகிறது. 1940-இல் ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடித்தது. வாழைப்பழக் கப்பல் ஏது? டிக்கெயின் 1941 கட்டுரை ரொம்ப எளிமையான ஒன்று. ஹாஸ் சொன்ன பழம் இப்போது கிடைக்காது, ஆகவே என் எளிய உணவுமுறை இது என்கிறார்: ரொட்டி வேண்டாம், ரஸ்க் வேண்டாம், கஞ்சி காய்ச்சினால் கோதுமை மாவு சேராமல். கோதுமை மீது அவருக்கு 1930-களிலேயே சந்தேகம் இருந்தது. பஞ்சம் வந்தபோது அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, சந்தேகம் உறுதியானது, அவ்வளவுதான்.

உறுதியை நிரூபணமாக்க வேறு வேலை தேவைப்பட்டது. ஒரே பிள்ளைக்குக் கொஞ்ச நாள் கோதுமை, கொஞ்ச நாள் கோதுமையில்லா உணவு என்று மாற்றிக் கொடுத்து, எடையை வருடக்கணக்கில் குறித்தார். கோதுமை கொடுத்த காலத்தில் கோடு இறங்கும். கெடுக்கும் என்று சந்தேகப்பட்டதையே பிள்ளைக்குக் கொடுத்து எடை பார்ப்பது: எனக்கு இந்த இடம் இன்னும் உறுத்துகிறது. அப்படி வந்த வரைபடங்களோடுதான் 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தார். வெய்யர்ஸ், வான் டி காமர் என்ற சகாக்கள் மலத்தில் வீணாகும் கொழுப்பை அளந்து, குற்றவாளி மாவுச்சத்து அல்ல, க்ளூட்டன்தான் என்று காட்டினார்கள். அரிசி விடுதலையானது.

ஹாஸ் கடைசிவரை இதை ஏற்கவில்லை. 1951-இல் வந்த அவருடைய புத்தகத்திலும் மருந்து வாழைப்பழம்தான்.