பிரெட்போர்டு: தரம் அறியும் முறை

பிரெட்போர்டு என்பது ஈயம் வைத்துப் பற்றவைக்காமல், பாகங்களைத் துளைகளில் செருகியே மின்னணுச் சுற்றை அமைத்துப் பார்க்க உதவும் பலகை. அக்கால வானொலி ஆர்வலர்கள் ரொட்டி வெட்டும் மரப்பலகையில் ஆணியடித்துச் சுற்றுகளைக் கட்டியதால் இப்பெயர் வந்தது. இன்றைய துளைப்பலகையின் வடிவத்துக்கு அமெரிக்கரான ரொனால்ட் போர்ச்சுகல் 1971இல் விண்ணப்பித்து 1973இல் காப்புரிமை பெற்றார்.

கெடாவில் பயன்பாடு

ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த மலேசியாவின் கெடா மாநிலத்தில் 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. இன்டெல், இன்ஃபினியான் ஆகிய நிறுவனங்கள் அங்கே இயங்குகின்றன. பீடோங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் பொறியியல் கற்பிக்கிறது. மின்னணுத் துறைக்குள் நுழையும் மாணவர் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது இந்தப் பலகையைத்தான்.

அமைப்பு

துளைகளின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர். முழுப் பலகையில் 830 துளைகள்: நடுப்பகுதியில் 630, மின்வழங்கு வரிசைகளில் 200. நடுப்பகுதியில் ஐந்தைந்து துளைகளின் அடியில் ஓர் உலோகப் பிடி இருக்கும். நடுப்பள்ளத்தின் இருபுறமும் கால்கள் இறங்குமாறு ஒருங்கிணைந்த சுற்று (ஐசி) செருகப்படும்.

தரம் அறிதல்

பலகையின் தரம் அந்தப் பிடியில்தான் இருக்கிறது. மேலே தெரியும் பிளாஸ்டிக்கின் பளபளப்பில் இல்லை. நல்ல பிடி, வில்போல் மீளும் பாஸ்பர் வெண்கலத்தால் செய்யப்பட்டு நிக்கல் பூசப்பட்டிருக்கும்.

ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றைக் கம்பியைச் செருகிப் பார்க்க வேண்டும். முதலில் சிறிது தடுத்து, பிறகு சீராக இறங்கினால் நன்று. பலகையைக் கவிழ்த்தாலும் கம்பி விழக்கூடாது. கம்பி வளைந்து மடங்கினால் துளையும் பிடியும் நேராக அமையவில்லை என்று பொருள்.

அடுத்து, ஒரே ஐந்துதுளை வரிசையின் இரு முனைகளிலும் கம்பி செருகி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துக் கம்பிகளை மெல்ல ஆட்ட வேண்டும். மீட்டர் கம்பிகளின் சொந்தத் தடையைக் கழித்தபின் மிகச் சிறிய எண்ணே மிஞ்ச வேண்டும். அது ஆட்டத்தில் மாறக்கூடாது. பக்கத்து வரிசைகளுக்கிடையே தொடர்பு இருக்கவே கூடாது. சில பலகைகளில் மின்வழங்கு வரிசை நடுவில் துண்டாகியிருக்கும். அது குறையன்று, ஆனால் முன்பே தெரிந்துகொண்டு இணைப்புக் கம்பி போட வேண்டும்.

பராமரிப்பு

தடித்த டையோடு கால்களைத் திணித்தால் பிடி விரிந்து, பிறகு மெல்லிய கால்களைப் பற்றாது. ஈரக்காற்று மிகுந்த ஊர்களில் மலிவான பிடிகள் விரைவில் கறுக்கும். மூடிய டப்பாவில் வைப்பது நல்லது. பின்புற ஒட்டுத்தாளை முழுதும் உரித்தால் பிடிகள் கழன்று விழலாம்.

பிடி தளர்ந்த பலகையில் சரியான சுற்றும் வேலை செய்யாது. கற்கும் பிள்ளையோ தன் அறிவையே சந்தேகிக்கும். பள்ளிக்கோ வீட்டுக்கோ வாங்குவோர் ஒரு துண்டுக் கம்பியையும் மல்டிமீட்டரையும் கொண்டு பலகையைச் சோதித்த பிறகே பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும்.