அரசனின் தோடையும் கொல்லனின் எலுமிச்சையும்

உறைபனி விழும் நாடுகளில் வெப்ப நாட்டுக் கனிமரங்களைத் தொட்டியில் வளர்ப்பது இன்று பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. ஆனால், அதற்குப் பின்னால் பல நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை எழுதியோரில் பெரும்பாலானோர் அரண்மனை வாசலிலேயே நின்றுவிட்டார்கள் என்பது என் எண்ணம். முதற்பக்கத்தில் படம் வருபவரும் வேலையைச் செய்தவரும் பெரும்பாலும் ஒருவரல்லர் என்பதைப் பத்திரிகைத் தொழில் எனக்கு நன்றாகவே கற்றுத் தந்திருக்கிறது.

நாம் தோடம்பழம் என்று வழங்கும் கனி ஆசியாவில் தோன்றியது. ‘ஒரேஞ்ச்’ என்ற ஐரோப்பியப் பெயர் அரபு, பாரசீகம், வடமொழி ஆகியவற்றின் வழியே சென்றடைந்தது. அதன் மூலம் திராவிடச் சொல்லாக இருக்கலாம் என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. எமது நாரத்தையும் அந்தச் சொற்குடும்பத்தைச் சேர்ந்ததே. பெயர் எளிதாகப் பயணம் செய்தது. மரத்தால் அவ்வாறு முடியவில்லை. குளிர்காலத்திலும் இலை உதிர்க்காத இம்மரத்தைக் கடும் உறைபனி கொன்றுவிடும். ஆகவே வட ஐரோப்பாவில் அதனைத் தொட்டியில் நட்டு, குளிர் தொடங்குமுன் கூரையின் கீழ் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது.

இதற்காகவே ‘ஒரான்ஜெரி’ எனப்படும் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுள் புகழ்பெற்றது பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் உள்ளது. பதினான்காம் லூயி மன்னன் 1661 இல் தன் நிதி அமைச்சர் ஃபூக்கேயைச் சிறையிலிட்டபோது, அவருடைய மாளிகையில் நின்ற தோடை மரங்களும் மன்னனுக்கே போய்ச் சேர்ந்தன. 1684 முதல் 1686 வரை கட்டடக் கலைஞர் ஆர்டுவான் மன்சார் இப்போதுள்ள ஒரான்ஜெரியை எழுப்பினார். அதன் நடு மண்டபம் 150 மீற்றருக்கும் மேல் நீளமானது. தெற்கு நோக்கிய பெரிய சன்னல்கள் வெயிலை உள்ளே விடுகின்றன. தடித்த சுவர்கள் அந்த வெம்மையைக் காக்கின்றன. கடுங்குளிரிலும் உள்ளே உறைநிலை வருவதில்லை.

இங்கு கவனிக்க வேண்டியது தொட்டியின் அமைப்பு. தொட்டியில் நிற்கும் மரத்தின் வேர் போக இடமின்றி வட்டமாகச் சுற்றிக்கொள்ளும், மண்ணும் சத்திழக்கும். வெர்சாய்ப் பெட்டி என்று பெயர்பெற்ற ஓக் மரப் பெட்டியின் பக்கங்களைத் திறக்கலாம். மரத்தை வெளியே எடுக்காமலே வேரைக் கத்தரித்துப் புதுமண் இடலாம். அழகுக்காகச் செய்யப்பட்டதென்று பலர் எண்ணும் இப்பெட்டி, உண்மையில் தோட்டக்காரரின் தேவையை அறிந்து செய்யப்பட்டது.

மன்னனுக்கோ அழகே முதன்மையாக இருந்தது. கண்ணாடி மண்டபத்தில் தோடை மரங்கள் வெள்ளித் தொட்டிகளில் வைக்கப்பட்டன. 1689 இல் போர்ச் செலவுக்குப் பணம் போதாமற் போகவே, அரண்மனையின் வெள்ளித் தளபாடங்கள் உருக்கி நாணயமாக்கப்பட்டன. அத்தொட்டிகளும் தப்பவில்லை. ஓக் பெட்டிகளின் மரபு மட்டும் இன்றுவரை தொடர்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் இப்போதும் மே மாதத்தில் வெளியே வருகின்றன. ஒக்டோபரில் உள்ளே போகின்றன. ஒவ்வோர் ஆண்டும் அவற்றை நகர்த்திய கைகளின் பெயர்களைக் கேட்பார் இல்லை.

இனி ரஷ்யாவுக்கு வருவோம். நிஸ்னி நொவ்கொரொட் பிரதேசத்தில் ஓக்கா ஆற்றங்கரையில் பாவ்லொவோ என்றொரு நகரம் உண்டு. பூட்டும் கத்தியும் செய்யும் கொல்லர்களின் ஊர் அது. அங்கு குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு மிகக் கீழே இறங்கும். 1860களில் உள்ளூர் வணிகர் ஒருவர் துருக்கியிலிருந்து எலுமிச்சைச் செடிகளைக் கொண்டுவந்தார் என்பது அவ்வூர் மக்களின் கூற்று. அவர்களிடம் மண்டபமும் இல்லை, தோட்டக்காரர் படையும் இல்லை. இருந்தது ஒரு சன்னலும் அடுப்பின் சூடுந்தான்.

ஆயினும் அம்மரம் வாழ்ந்தது. ஒரு வீட்டில் வெட்டிய சிறு கிளை அடுத்த வீட்டில் வேர்விட்டது. விதையிலிருந்து வளரும் எலுமிச்சை காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும். கிளையிலிருந்து வளர்வது விரைவில் காய்க்கும். மங்கிய ஒளியையும் வீட்டுக்குள் இருக்கும் வறண்ட காற்றையும் தாங்கும் ‘பாவ்லொவோ எலுமிச்சை’ என்ற இனம் இவ்வாறே நிலைபெற்றது. இன்று அந்நகரில் எலுமிச்சைக்கு ஒரு நினைவுச் சின்னமே இருக்கிறது.

வெர்சாயின் தோடை அரசனின் செல்வத்தைக் காட்ட நின்றது. பாவ்லொவோவின் எலுமிச்சை அயலவருக்குக் கிளை கொடுத்ததால் பெருகியது. முன்னதைப் பற்றிய நூல்கள் பல. பின்னதைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இதை நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் எம்மவர் பலரின் வீடுகளில் தேசியும் கறிவேப்பிலையும் தொட்டிகளில் நிற்கின்றன. குளிர் வருமுன் அவற்றை உள்ளே தூக்குகிறார்கள். வசந்தம் முதிர்ந்ததும் வெளியே வைக்கிறார்கள். வெர்சாயிலும் நடப்பது இதுவே. ஆனால், இவர்கள் பாவ்லொவோ கொல்லர்களின் வழிவந்தவர்கள் என்றே நான் கருதுகிறேன். நிலத்தில் நட முடியாத மரத்தை ஆண்டுக்கு இருமுறை ஒருவர் தூக்கியாக வேண்டும். இப்போது தூக்குவோர் பெரும்பாலும் ஊரில் பிறந்தவர்கள். அவர்களுக்குப் பிறகு அந்தத் தொட்டியைப் பிள்ளைகள் தூக்குவார்களா என்பதை அவர்கள் இப்போதே கேட்டுப் பார்க்கலாம். ஒரு கிளையை வெட்டி அயல்வீட்டுக்குக் கொடுத்தும் வைக்கலாம்.