நகரத்தின் எல்லை எங்கே முடிகிறது?

அப்புத்தளை நகரம் மலையின் முதுகெலும்பின்மீது அமர்ந்திருக்கிறது. வடபால் பெய்யும் மழை உமா ஓயாவில் கலந்து மகாவலியை நாடுகிறது. தென்பால் பெய்வது செங்குத்தாக இறங்கி வளவை கங்கைப் பள்ளத்தாக்கை அடைகிறது. கடைவீதியில் நின்றால் ஒரு தோளுக்கு வெயிலும் மறு தோளுக்கு மூடுபனியும் கிடைக்கும். இத்தகைய ஊருக்கு அடுத்த இருபது முப்பது ஆண்டுகளுக்கான வளர்ச்சித் திட்டம் ஒன்று வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அத்திட்டத்தை வகுக்கும்போது எவருடைய சொல் கேட்கப்படும் என்பதே நம் முன்னுள்ள கேள்வி. இதற்கு விடை காண வேண்டுமாயின் சற்று வரலாற்றைப் புரட்ட வேண்டும்.

இந்நகரம் தானாக வளர்ந்த நகரம் அன்று. நானுஓயாவில் நின்றிருந்த புகையிரதப் பாதை 1893இல் அப்புத்தளையை எட்டியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, 1890இல், தோமஸ் லிப்டன் தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கியிருந்தார். கோப்பி அழிந்து தேயிலை தழைத்த காலம் அது. தேயிலைப் பெட்டி கொழும்புக்கு இறங்கவும், அரிசி மூட்டை மலைக்கு ஏறவும் நிலையம் வந்தது. நிலையத்தைச் சுற்றிக் கடைகள் வந்தன. கடைகளைச் சுற்றி நகரம் வந்தது. கூடை சுமந்த தொழிலாளி இல்லையேல் அந்தக் கடைகளுக்கு வாடிக்கையாளரும் இல்லை. ஆயினும் நகரத்தின் எல்லைக்கல் நாட்டப்பட்டபோது லயன்கள் அதற்கு அப்பால் நின்றன. நகரம் நகரசபையின் கீழ், தோட்டம் துரையின் கீழ். இந்தக் கோட்டைப் பிற்காலத்து வரைபடங்கள் எவையும் அழிக்கவில்லை.

ஒரு நகரத்தைத் திட்டமிடுமுன் அங்கு வாழ்வோரிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் நம் பகுதிக்குப் புதியதுமன்று. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த பற்றிக் கெடிஸ் என்னும் அறிஞர் 1914இல் இந்தியாவுக்கு வந்தார். அவர் அனுப்பிய நகரக் கண்காட்சிப் படங்கள் வந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் கடலில் மூழ்கடித்துவிட்டது. சென்னையைக் குண்டு போட்டு நடுங்க வைத்த அதே எம்டன்தான். கெடிஸ் மனம் தளரவில்லை. புதிதாகப் படங்களைத் திரட்டி, 1915இன் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தியே காட்டினார். பின்னர் தஞ்சை, மதுரை முதலிய ஊர்களில் தெருத் தெருவாக நடந்தார். நெரிசலைப் போக்குவதற்கென்று பொறியியலாளர் நேர்கோட்டில் வீதி வெட்டி ஏழைகளின் வீடுகளை இடிக்க முனைந்தபோது, இடிபாடான ஒன்றிரண்டை மட்டும் நீக்கி, காற்றும் வெளிச்சமும் புகச் செய்து, மரம் நட்டு, செலவில் சிறு பங்கிலேயே காரியத்தை முடிக்கலாம் என்று அவர் எடுத்துக்காட்டினார்.

இந்தூரில் அவர் செய்தது இன்னும் சுவையானது. பிளேக் நோய் பரவியிருந்த அந்நகரில், எந்தத் தெருக்களைக் குடிமக்கள் நன்றாகச் சுத்தம் செய்கிறார்களோ அந்தத் தெருக்கள் வழியேதான் தீபாவளி ஊர்வலம் செல்லும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பம் எடுத்தது. ஊர்வலத்தில் துப்புரவுத் தொழிலாளருக்கு மரியாதையான இடம் அளிக்கப்பட்டது. மன்னராட்சியின் நிழலில் நடந்த இச்சிறு நிகழ்ச்சியைப் பெரிய சனநாயகம் என்று நாம் கூற மாட்டோம். ஆனால் திட்டம் என்பது காகிதத்தில் மட்டும் இருப்பதன்று என்பதை அது காட்டிற்று.

அதே கெடிஸ் 1921இல் கொழும்புக்கும் ஒரு திட்ட அறிக்கை எழுதினார். 1946இல் நகர, கிராமத் திட்டமிடற் சட்டம் பிறந்தது. 1948இல் ஆபர்குரொம்பி கொழும்புப் பிரதேசத்துக்குத் திட்டம் தந்தார். 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை அமைக்கப்பட்டது; வகுக்கப்படும் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்கும் ஏற்பாடும் வந்தது. ஏடுகளில் யாவும் ஒழுங்காகவே இருக்கின்றன.

ஆனால் 'மக்கள்' என்ற சொல்லுக்குள் யார் அடங்கினர்? 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அதே பத்தாண்டின் இறுதியிலேயே கிராமச் சங்கச் சட்டத்தைத் திருத்தியபோது தோட்டத் தொழிலாளரை வெளியே நிறுத்தினர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று இரு தலைநகரங்கள் பங்கிட்டன. பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை. எஞ்சியோர் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது. வாக்கு மீண்ட பின்னரும் ஒரு பூட்டு இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளில் சபையின் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தொழிலாளி வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினரால் அத்தொழிலாளியின் லயனுக்குப் பாதை போட முடியாது! இந்த விந்தை 2018இல்தான் திருத்தப்பட்டது. நூற்றாண்டுக்கு மேலாகத் தேயிலை கொழித்த மலையில், உள்ளூராட்சி லயன் வாசலை எட்டுவதற்கு இத்தனை காலம் பிடித்தது.

இவை சட்டப் புத்தகத்துச் செய்திகள் மட்டுமல்ல. 2014 ஒக்தோபர் 29ஆம் நாள் காலை, அப்புத்தளைக்குத் தெற்கே கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வரிசைகளை மண்ணுள் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் ஏன் எழுந்து போகவில்லை என்று நகரத்துப் படித்தவர்கள் வியந்தனர். எங்கே போவது? காலடி மண்ணும் தோட்டத்துடையது, எதிர்மலையும் தோட்டத்துடையது. நிலமில்லாதவனிடம் 'இடம் பெயர்' என்று சொல்வது எச்சரிக்கையாகுமா? உயிர் பிழைத்தோர் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நீண்டகாலம் முடங்கிக் கிடந்தனர்.

அடுத்த அதிர்ச்சி பண்டாரவளைப் பக்கம் வந்தது. உமா ஓயாத் திட்டத்துக்காகக் குடைந்த சுரங்கத்தில் 2014 டிசெம்பரில் நிலத்தடி நீர் பீறிட்டது. மேலே கிணறுகள் வற்றின, சுவர்கள் வெடித்தன. 2017இல் பண்டாரவளையில் மக்கள் திரண்டு மறியல் செய்தனர். 2024இல் திட்டம் திறந்து வைக்கப்பட்டது. மின்சாரம் வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. தம் கிணற்றின் ஆழம் அறிந்த குடியானவரிடம் தொடக்கத்திலேயே யார் உட்கார்ந்து பேசினார்கள் என்பதுதான் கேள்வி. பின்னர் 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வந்தபோது மலையகம் எங்கும் சரிவுகள் மனிதரை விழுங்கின. பதுளை மாவட்டம் கடுமையாகத் தாக்குண்டவற்றுள் ஒன்று.

ஆகவே அப்புத்தளைக்கு வகுக்கப்படும் எந்தத் திட்டமும் நகரசபையின் எல்லைக்கல்லோடு நின்றுவிட்டால் அது பாதி வரைபடமே. மூடுபனியை ரசிக்கவும் லிப்டன் அமர்ந்த இருக்கையைப் பார்க்கவும் வருவோருக்கு விடுதிகள் எழட்டும், தவறில்லை. ஆனால் விடுதிக்கு அத்திவாரம் தோண்டும் சரிவின் அடியில் எந்த லயன் இருக்கிறது என்பதை வரைபடம் காட்ட வேண்டும். மழைக்காலத்தில் எந்த ஓடை திசை மாறுகிறது, எந்தப் பாறை கசிகிறது என்பதைக் கொழுந்து எடுக்கும் பெண் அறிவாள்; நாள்தோறும் அச்சரிவில் ஏறி இறங்குபவள் அவள்தானே. அளவையாளருக்கு இதைவிட நல்ல துணை வேறெங்கு கிடைக்கும்?

கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், திட்டப் பணத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் தலசபைகளிடம் ஒப்படைத்துக் கிராம சபைகளைக் கூட்டியது. அங்கும் குறைகள் இருந்தன. கட்சிப் பூசல் புகுந்தது. கூட்டத்துக்கு வராத ஏழைகளும் இருந்தனர். ஆயினும் பணத்தோடு சேர்ந்துதான் கருத்துக்கு மதிப்பு வரும் என்ற பாடம் அங்கே கிடைத்தது. கருத்தை மட்டும் கேட்டு நிதியைத் தம் கையில் வைத்துக்கொள்ளும் அதிகாரியிடம் மக்கள் இரண்டாம் முறை வாய் திறப்பதில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் இங்கே ஒரு வேலை உண்டு. திட்டத்தின் வரைவு கச்சேரிச் சுவரில் ஒட்டப்பட்டு, அலுவலக நாளில், அலுவலக நேரத்தில், ஆட்சேபம் கோரப்பட்டால், பெரட்டுக்குப் போன தொழிலாளி எப்படி வருவார்? ஒரு நாள் பேர் போனால் அவருடைய அரிசி யார் தருவது? அந்த வரைவு தமிழிலும் சிங்களத்திலும் தோட்டத்துப் பாடசாலையில் விரிக்கப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடக்க வேண்டும். பிள்ளைகள் தம் லயனையும் ஓடையையும் சரிவையும் தாமே வரைந்து அதனருகே வைக்க வேண்டும். அந்தப் படத்தையும் சேர்த்துக்கொண்டுதான் அளவையாளர் மலையிறங்க வேண்டும்.