ஜெனரல் நீலின் சாவும் முடியாத விசாரணையும்

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி வட இந்தியாவோடு நின்ற நிகழ்வு என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், அதை அடக்கியவர்களுள் மிகக் கொடியவர் எனப் பெயர்பெற்ற ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல் சென்னை மாகாணப் படையில் உருவான அதிகாரி ஆவார். அந்தப் படையமைப்பின் வரலாற்றில், நீலின் செயல்கள் தவிர்க்க முடியாத ஓர் இயல் ஆகும்.

ஸ்காட்லாந்தின் ஏர் நகரை அடுத்து 1810இல் பிறந்த நீல், 1827இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேர்ந்து, பின்னர் கம்பெனி ஊதியத்தில் ஐரோப்பியச் சிப்பாய்களை மட்டுமே கொண்டிருந்த முதலாம் மெட்ராஸ் பியூசிலியர்ஸ் என்னும் காலாட்படைப் பிரிவின் தலைவராக 1857இல் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். ஜூன் மாதத்தில் காசியிலும் அலகாபாத்திலும் அவர் தலைமையில் முறையான விசாரணையின்றிப் பலர் தூக்கிலிடப்பட்டனர். கான்பூர் நோக்கி முன்சென்ற மேஜர் ரெனோவின் படைக்கு, குறிப்பிட்ட கிராமங்களை அழிக்குமாறு அவர் ஆணையும் வழங்கினார்.

கான்பூர் பீபிகரில் ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதற்கான பதிலடி என்றே நீலின் கொடுமைகளுக்குச் சமாதானம் கூறுவது வழக்கம். அந்தக் கொலை மன்னிக்க முடியாதது என்பதில் ஐயமில்லை. எனினும் அது நிகழ்ந்தது ஜூலை 15 அன்று என்பதால், ஜூன் மாதத்து அலகாபாத் கொடுமைகளுக்கு அதைக் காரணமாகக் காட்ட இயலாது. கைதிகளைக் கொலைக்களத்தின் இரத்தக்கறையைத் துடைக்க வைத்த பின் தூக்கிலிடுமாறு கான்பூரில் அவர் பிறப்பித்த ஆணை அதற்குப் பிந்தியதுதான். ஆனால், குற்றத்தை மெய்ப்பிக்கும் முன்பே சாதியையும் சமயத்தையும் இழிவுபடுத்தித் தண்டிக்கும் அம்முறையை நீதி என்று கொள்ளவும் இடமில்லை.

1857 செப்டம்பர் 25 அன்று லக்னோவில் குண்டடிபட்டு நீல் இறந்தார். களத்தில் நேர்ந்த அச்சாவு, உயிரோடு இருந்திருந்தால் எழுந்திருக்கக்கூடிய கேள்விகளையெல்லாம் அடைத்துவிட்டு, அவரை மாவீரராக்கியது. சென்னை மவுண்ட் ரோட்டில் அவருக்கு வெண்கலச் சிலையும் எழுந்தது. அந்தமானில் ஒரு தீவு அவர் பெயரைத் தாங்கி நின்று, 2018இல்தான் ஷஹீத் தீவு எனப் பெயர் மாறியது.

அடைபட்ட கேள்வியைத் திறந்தவர்கள் 1927இல் நீலன் சிலைச் சத்தியாக்கிரகம் நடத்திச் சிறைசென்ற தமிழகத் தொண்டர்கள். திருநெல்வேலி சோமயாஜுலுவும் கடலூர் அஞ்சலையம்மாளும் பங்கேற்ற அப்போராட்டத்தைக் காந்தியடிகள் அகிம்சை வரம்புக்குள் ஆதரித்தார். இராஜாஜி அமைச்சரவைக் காலமான 1937இல் மவுண்ட் ரோட்டிலிருந்து அகற்றப்பட்ட சிலை, பின்னர் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

சிலையை அகற்றுவது வரலாற்றை அழிப்பது என்னும் வாதம் இங்கே பொருந்தாது. பொதுச்சாலையில் நின்றவரை போற்றுதலுக்குரிய பொருளாக இருந்த அது, அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சிக்குரிய சான்றாக மாறியது. களத்தில் காட்டிய துணிவும் நிராயுதர்மீது செலுத்திய அதிகாரமும் தனித்தனியே எடைபோடப்பட வேண்டியவை. முன்னதற்காகப் பின்னதை மன்னிக்கும் உரிமை, கொல்லப்பட்டோர் சார்பில் எவருக்கும் வழங்கப்படவில்லை.