மாடிப்படி விளக்கு யார் கணக்கில்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் குறுகிய மனைகளில் எழுந்த அடுக்குமாடிக் கட்டடங்களில், கைப்பிடிச் சுவர் ஓரம் பொத்தான் அளவில் ஒரு கண் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காணலாம். அதிலிருந்து மூன்று வயர் இறங்கும்: பேஸ் ஒன்று, நியூட்ரல் ஒன்று, விளக்குக்குப் போவது ஒன்று. வெளிச்சம் பட்டால் உள்ளே இருக்கும் காட்மியம் சல்பைடு வில்லை மின்சாரத்துக்கு எளிதாக வழிவிடும், இருட்டினால் மறிக்கும். அந்த மாற்றத்தை வைத்து ஒரு சின்ன சுற்று மாடிப்படி விளக்குகளைப் போடுகிறது, விடிந்ததும் அணைக்கிறது. இந்தச் சென்சாரைக் கரண்ட் மிச்சம் பிடிக்கும் சாதனம் என்றுதான் விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் அப்படியே நம்புகிறார்கள். ஆனால் பொது விளக்கின் பழைய கதையைப் புரட்டினால், சிக்கனம் அதில் இரண்டாம் பட்சம். எல்லோருக்குமான விளக்கை யார் ஏற்றுவது என்ற கேள்விதான் முதலில் நிற்கிறது.

அந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த மிகத் தெளிவான பழைய விடை சோழர் காலக் கல்வெட்டுகளில் இருக்கிறது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரியப் பெரும்பாலும் 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த மந்தைக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். கிழடு கழிந்தாலும் குட்டி வளர்ந்து அந்த இடத்தை நிரப்பும், கணக்கில் எண்ணிக்கை குறையாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இன்னின்ன விளக்குக்கு இன்னின்ன இடையர் பொறுப்பு என்று ஆள் ஆளாகப் பெயர் வெட்டியிருக்கிறது. தானம் கொடுத்தவர் இறந்த பிறகும், யாருடைய நினைவையும் நம்பாமல், விளக்கு எரிந்துகொண்டே இருக்கச் செய்த ஏற்பாடு இது. பொறி என்று எதுவும் இல்லாவிட்டாலும் இதைத் தானியங்கி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

சேலத்துக்கு வருவோம். மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. அதன் நீர்மின் நிலையம் 1937-இல் ஓடத் தொடங்கியபோது, ஐம்பது கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்திலேயே மின்சாரம் பிறந்தது. ஊருக்குள் அதைப் பங்கிட்டது சேலம்–ஈரோடு மின் விநியோகக் கம்பெனி என்ற தனியார் நிறுவனம். லீ பஜாரின் மளிகை மொத்தக் கடை, வெல்ல மண்டி, வீட்டோடு சேர்ந்த கொலுசுப் பட்டறை என்று செவ்வாய்ப்பேட்டையில் தொழிலும் குடித்தனமும் ஒரே கூரைக்குக் கீழ் நடந்தன. அந்தக் காலத்து லைன் வீடுகளில் நடைவாசல் பல்பு வீட்டுக்காரர் மீட்டரில் இருக்கும். தேக்குச் சட்டத்தில் கிளிப் அடித்த பேட்டன் வயரிங், உருண்டை ஸ்விட்ச், பீங்கான் ஃப்யூஸ் கேரியர். பல்பைப் போடுவதும் அணைப்பதும் வீட்டுக்காரரின் உரிமை. குடித்தனக்காரர் முனகலாமே தவிர கேட்க முடியாது. பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பமே இல்லை. ஆகவே கருவிக்கும் தேவை எழவில்லை.

வீடு வாடகையிலிருந்து உரிமைக்கு மாறியபோது இந்தத் தெளிவு குலைந்தது. மாடிப்படியும் நடையும் எல்லோருக்கும் பிரிக்கப்படாத பொதுச் சொத்து என்று அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 1994-இல் எழுதி வைத்தது. எல்லோருக்கும் சொந்தமான ஸ்விட்சை யாரும் தொடுவதில்லை. மாடிப்படி விளக்குக்கான தொழில்நுட்பம் பிந்தி வந்தது என்று சொல்ல வழியில்லை. கீழே போட்டு மேலே அணைக்கும் டூவே ஸ்விட்ச் இணைப்பு ‘ஸ்டேர்கேஸ் வயரிங்’ என்ற பெயரில் ஐ.டி.ஐ. மாணவர்களுக்குத் தொடக்கப் பாடம். சில நிமிடம் எரிந்து தானே அணையும் மாடிப்படி டைமரை ஐரோப்பாவின் அடுக்ககங்கள் பல தலைமுறையாகப் பார்த்துவிட்டன. இங்கே கடிகார டைமரின் காலை வாரியது மின்வெட்டு. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே தினமும் பல மணி நேரம் கரண்ட் போனது. மின்சாரத்தில் ஓடும் மலிவான டைமர், இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் இரண்டு மணி நேரம் பின்தங்கும்; ஆறு மணிக்குப் போட வேண்டிய விளக்கை எட்டுக்குப் போடும். பேட்டரி உள்ள டைமர் இருந்தது, விலைதான் கூடுதல். சென்சாருக்கோ மணியே தெரிய வேண்டாம். கரண்ட் எப்போது திரும்பினாலும் வானத்தைப் பார்த்து முடிவெடுக்கும். பழைய கட்டடத்தில் மாட்டுவதில் ஒரே தொல்லை, ஸ்விட்ச் பாக்ஸுக்குப் பேஸ் மட்டும் இறக்கியிருப்பார்கள், நியூட்ரல் இருக்காது. ஒரு வயருக்காகச் சுவரைக் கொத்த வேண்டியிருக்கும்.

சென்சார் பரவியதற்குப் பணம்தான் காரணம், மற்றதெல்லாம் சுற்றி வளைப்பு என்று ஒருவர் மறுக்கலாம். 2022 செப்டம்பரில் அடுக்ககப் பொது இணைப்பை வீட்டு வகையிலிருந்து பிரித்து, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனி வகையாக்கினார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில், லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் மிகாத கட்டடங்களுக்கு அது 5.50 ரூபாயாகக் குறைந்தது. கணக்குப் போட்டே பார்ப்போம். ஐந்து பழைய டியூப்லைட், சோக்கோடு சேர்த்து 250 வாட். காலை ஆறு மணிக்கு அணைக்க மறந்து பன்னிரண்டு வரை எரிந்தால் ஒன்றரை யூனிட் வீண். அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி. ஐந்து இருந்தால் கால் யூனிட்டுக்குச் சற்று மேல். அன்றைய 5.50 வீதம் ஒன்றரை ரூபாய். எட்டு வீடு பங்கிட்டால் ஆளுக்கு 20 பைசாகூட இல்லை. சிக்கனம்தான் நோக்கம் என்றால் டியூப்லைட் காலத்திலேயே வீட்டுக்கு வீடு சென்சார் தேடியிருக்க வேண்டும். மிச்சம் சில்லறையாகச் சுருங்கிய எல்.இ.டி. காலத்தில்தான் அது சாதாரணப் பொருளாயிற்று. கருவி மலிந்தது ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலிவாகக் கிடைப்பதையெல்லாம் யாரும் சுவரில் மாட்டிவிடுவதில்லை. ‘நேற்று நான் அணைத்தேன், இன்று நீங்கள்’ என்ற பேச்சுக்கு 20 பைசாவை விட விலை அதிகம்.

விளக்கு வைக்கும் நேரம் என்ற பழைய வழக்கத்தை இந்தக் கண் பறித்துவிட்டது என்று வருந்துவோரும் உண்டு. அந்த வழக்கத்தின் எல்லை எது என்று பார்க்க வேண்டும். அது வாசற்படியோடும் மாடப்பிறையோடும் நின்றது. அந்தி விளக்கு ஏற்றுகிற கை அந்தந்த வீட்டுக் கை. எட்டுக் கதவுக்கு நடுவில் உள்ள மாடிப்படிக்கு அப்படி ஒரு கை எப்போதும் இருந்ததில்லை. இல்லாத வழக்கத்தைச் சென்சார் பறித்திருக்க முடியாது.

ஒன்று மட்டும் உண்மை: இடையர் பெயரைக் கல்லில் வெட்டியவர்கள் விட்டுவிடாத ஒன்றை நாம் விட்டுவிட்டோம். சென்சாரைத் தவறான இடத்தில் மாட்டினால், அது போட்ட விளக்கின் வெளிச்சமே அதன் கண்ணில் விழும். விடிந்துவிட்டதென்று அணைக்கும், இருட்டியதென்று மறுபடி போடும், விடிய விடிய மினுக்கும். அதைத் திருப்பி மாட்ட வயர்மேனுக்கு யார் போன் செய்வது, அவருக்கு யார் பணம் கொடுப்பது என்பது எந்தச் சுவரிலும் எழுதப்படவில்லை.