ஒரு மீட்டர், மூணு குடித்தனம்: கரண்ட் விலையை எப்படி அளக்கறது?

இந்த எபிசோடை ஒரு கரண்ட் பில்லோட ஆரம்பிக்கிறேன்.

நான் வளர்ந்தது ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துல ஒரு சந்து. ஒரே வாசல், உள்ள மூணு குடித்தனம், ஒரே ஈபி மீட்டர். மீட்டர் ஹவுஸ் ஓனர் பேர்ல. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுத்துட்டுப் போனதும் எங்க அம்மாவும் மத்த ரெண்டு வீட்டு அக்காக்களும் வாசப்படியில உக்காந்து பில்லைப் பிரிப்பாங்க. "உங்க வீட்ல ஃப்ரிட்ஜ் ஓடுதுல்ல"ன்னு ஆரம்பிக்கும். முடியும்போது யாராவது ஒருத்தர் ரெண்டு நாளைக்குப் பேச மாட்டாங்க.

அப்பாவுக்கு வேற கவலை. அவர் திருவொற்றியூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில வேலை பார்த்தார். அவர் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "புள்ளி எவ்ளோ ஏறிச்சு?" சின்ன வயசுல அது ஏதோ கிரிக்கெட் ஸ்கோர்னு நினைச்சேன். அது நுகர்வோர் விலைக் குறியீட்டு எண். விலைவாசி ஏறுனா அந்த எண் ஏறும், எண் ஏறுனா கிராக்கிப்படி ஏறும். சில இடத்துல பஞ்சப்படின்னு சொல்வாங்க. அரசு ஆபீஸ்ல அகவிலைப்படி. பேர் எதுவானாலும், வீட்ல அரிசி வாங்கற காசை முடிவு பண்றது ஒரு புள்ளிவிவரம்.

அந்த எண்ணுக்கு நம்ம ஊர்ல நீளமான வரலாறு இருக்கு. 1930கள்ல மதராஸ் மாகாணத் தொழிலாளர் துறை, நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களோட வரவு செலவைக் கணக்கெடுத்துச்சு. அதை வச்சு 1935 ஜூலையிலிருந்து 1936 ஜூன் வரைக்கும் இருந்த விலையை 100னு வச்சு, வாழ்க்கைச் செலவுக் குறியீட்டு எண் போட்டாங்க. ஆலைத் தொழிலாளர்கள் கிராக்கிப்படி கேட்டு வழக்காடினப்ப, ஒரு புள்ளிக்கு இத்தனை அணான்னு தீர்ப்பு வந்தது அந்த எண்ணை வச்சுத்தான். அது எரிபொருள்னா விறகு, விளக்குன்னா மண்ணெண்ணெய்னு இருந்த காலம்.

சுதந்திரத்துக்கு அப்புறம் மத்திய அரசோட லேபர் பீரோ இந்தியா முழுக்க ஒரே மாதிரி எண் போட ஆரம்பிச்சுது. 1958-59ல 50 தொழில் மையங்கள்ல சர்வே எடுத்து, 1960ஐ 100னு வச்சாங்க. பிறகு 1982, 2001, 2016. ஒரு அடிப்படை ஆண்டிலிருந்து அடுத்ததுக்குத் தாவ 'இணைப்புக் காரணி'ன்னு ஒண்ணு உண்டு. அகில இந்திய எண்ணுக்கு அது 4.93, 4.63, 2.88. மூணையும் பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 66 வரும். 1960ல ஒரு ரூபாய்க்கு நடந்த குடும்பச் செலவுக்கு 2016ல 66 ரூபாய் வேணும்னு அந்த எண் சொல்லுது.

இதுல தப்பு நடந்தா என்ன ஆகும்னு காட்டுனது பம்பாய். 1963ல அந்த ஊர்த் தொழிலாளர்கள் எங்க குறியீட்டு எண்ணே தப்புன்னு போராடினாங்க. டி.டி. லக்டவாலா தலைமையில கமிட்டி போட்டாங்க. எண் விலையேற்றத்தைக் குறைச்சுக் காட்டுதுன்னு தெரிஞ்சு, திருத்தினாங்க. ஒரு கணக்கைத் திருத்தச் சொல்லி ஒரு நகரமே தெருவுக்கு வந்துச்சுங்கறதை இன்னிக்கு நம்பக் கஷ்டமா இருக்கு.

சரி, கரண்டுக்கு வருவோம். அரிசி விலையை எடுக்கறது சுலபம். அதே கடை, அதே ரகம், ஒரு கிலோ எவ்வளவு? கரண்டுக்கு அப்படி ஒரு விலையே கிடையாது. எவ்வளவு எரிக்கிறீங்கங்கறதைப் பொறுத்து யூனிட் விலை மாறும். 2016 மே மாசத்திலிருந்து தமிழ்நாட்டுல எல்லா வீட்டுக்கும் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் வேற. பூஜ்யம் ரூபாயிலிருந்து எத்தனை சதவீதம் ஏறும்? கணக்கே நின்னுடும்.

அப்ப இருந்த ஸ்லாப்ல 500 யூனிட்டுக்கு பில் 1,130 ரூபாய். ஒரு யூனிட் கூடி 501 ஆனா? முந்தின யூனிட்களுக்கும் ரேட் மாறிடும், 1,786 ரூபாய் 60 காசு. அந்த ஒத்த யூனிட்டோட விலை 656 ரூபாய்! எங்க சந்துல ரீடிங் எடுக்க வர்றதுக்கு முந்தின வாரம் ஃபேனை நிறுத்திட்டு விசிறியோட உக்காந்திருப்பாங்க. வேடிக்கை என்னன்னா, எண்ணூர் அனல்மின் நிலையம் 1970லேர்ந்து 2017 வரைக்கும் ஓடுச்சு. புகையும் சாம்பலும் வடசென்னைக்கு வந்தப்ப ஸ்லாப் எதுவும் பார்க்கல.

2022 செப்டம்பர் 10ஆம் தேதி கட்டணம் ஏறுச்சு. எத்தனை சதவீதம்? 100 யூனிட்டுக்குள்ள இருக்கிற வீட்டுக்கு ஒண்ணும் இல்ல. 200 யூனிட் வீட்டுக்கு 170லேர்ந்து 225, அதாவது 32 சதவீதம். 500 யூனிட் வீட்டுக்கு 1,130லேர்ந்து 1,725, 53 சதவீதம். 600 யூனிட் வீட்டுக்கு 2,440லேர்ந்து 2,750, வெறும் 13 சதவீதம். ஒரே ஆணை, ஒரே நாள், நாலு பதில். இதுல எது 'மின்கட்டண உயர்வு'?

உலகம் முழுக்கப் புள்ளிவிவரக்காரங்க இதுக்கு வச்சிருக்கிற ஒரு வழி, சில மாதிரிக் குடும்பங்களை எடுத்துக்கறது. இந்தக் குடும்பம் 200 யூனிட், அந்தக் குடும்பம் 500ன்னு அளவை மாத்தாம வச்சு, பழைய ரேட்ல பில் எவ்வளவு, புது ரேட்ல எவ்வளவுன்னு பார்க்கறது. அளவை ஏன் மாத்தக் கூடாது? மே மாசம் ஏசி போட்டு பில் ஏறுனா அது நீங்க கூட எரிச்சது, விலையேற்றம் இல்ல. இது நியாயமான முறைதான். ஆனா எங்க வாசலுக்கு வந்தா இதுவும் தடுமாறும்.

மூணு குடித்தனம், ஆளுக்கு 200 யூனிட்னு வச்சுக்குங்க. தனித்தனி மீட்டர் இருந்தா 2022 ரேட்ல மூணு பேருக்கும் சேர்த்து 675 ரூபாய். ஒரே மீட்டர்ல 600 யூனிட் ஓடினதால 2,750. நாலு மடங்கு. இலவச 100 யூனிட்டும் மூணு தடவைக்குப் பதிலா ஒரே தடவைதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்ட இடம் இதுதான். கணக்கெடுக்கிறவர் எங்க வீட்டுக்கே வந்து, பழைய பில்லையும் புது பில்லையும் சரியாப் பார்த்து எழுதியிருந்தாக்கூட என்ன எழுதியிருப்பார்? 13 சதவீதம். பக்கத்துத் தெருவுல சொந்த மீட்டரோட 225 ரூபாய் கட்டறவங்களுக்கு 32. எண்ணைப் பார்த்தா நாங்கதான் தப்பிச்சவங்க! யாரும் தப்புப் பண்ணல. பணவீக்கம்ங்கறது விலை எவ்வளவு மாறுச்சுன்னு மட்டும்தான் அளக்கும். விலை முதல்லேர்ந்தே நாலு மடங்கா இருந்தா அது அந்த எண்ணுல தெரியாது.

அது தெரிய வேண்டிய இடம் 'எடை', அதாவது குடும்பச் செலவுல எதுக்கு எத்தனை பங்குங்கறது. தொழிலாளர் குறியீட்டு எண்ணுல எரிபொருளும் வெளிச்சமும் சேர்த்து 1982 வரிசையில 6.28 சதவீதம், 2001ல 6.43, 2016ல 5.50. அது நாடு முழுக்க எடுத்த சராசரி, சர்வேக்கும் சர்வேக்கும் நடுவுல பதினஞ்சு இருபது வருஷம். இன்னொரு சிக்கலும் இருக்கு. 'கரண்டோட சேர்த்து ஆறாயிரம்'னு வாடகை பேசற வீட்ல, எது வாடகை எது கரண்ட்னு எப்படிப் பிரிப்பீங்க? சப்-மீட்டர் வச்சு யூனிட்டுக்கு ஓனர் சொல்றதுதான் ரேட்னு இருக்கிற வீட்ல, அரசாங்கக் கட்டண அட்டையைப் பார்த்து என்ன பிரயோஜனம்?

2024 ஜூலையிலயும் கட்டணம் மாறுச்சு. அப்பா இப்ப ரிட்டயர்ட். இந்தக் கணக்கை அவர்கிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அப்ப நம்ம வீட்ல விலைவாசி கம்மியாதான் ஏறிச்சா?"ன்னு கேட்டார்.

அம்மா உள்ளேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. அவங்ககிட்ட 2022 பில் இன்னும் இருக்கு. பின்பக்கம் மூணு வீட்டுப் பேரும், பக்கத்துல தொகையும் பென்சில்ல எழுதியிருக்கு. கூட்டிப் பார்த்தேன், பத்து ரூபாய் குறையுது. யாரு போட்டாங்கன்னு கேட்டேன். அம்மா சொல்லல.