கபகணம் கஇல்கல

எருமப்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தண்டல்காரர் வந்து உட்கார்ந்தால், உள்ளே அப்பாயிக்கும் அத்தைக்கும் நடுவே ஒரு வரி பறக்கும்: "கபகணம் கஇல்கல." அதாவது, பணம் இல்ல. சொல்லைச் சின்னச் சின்ன ஒலித்துண்டாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு 'க' போடணும். அவ்வளவுதான் க-பாஷை. நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் பேசித் திரிந்ததுதான்.

ரகசியப் பேச்சை நம் இலக்கணம் கண்டுகொள்ளாமல் விடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூல், குழூஉக்குறியைத் தகுதி வழக்கில் சேர்க்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் அதற்கு வழக்கமாகச் சொல்லும் உதாரணங்கள். ஆனால் அங்கே சொல்லே வேறு. கூட்டத்தில் ஒருவர் சொல்லித் தந்தால்தான் புரியும். க-பாஷையில் சொல் அதேதான், ஒலி மட்டும் கலைகிறது.

ஒலியைக் கலைப்பதும் பழைய வித்தைதான். காமசூத்திரம் பட்டியலிடும் 64 கலைகளில் ஒன்று மிலேச்சித விகல்பம். யசோதரரின் ஜெயமங்களா உரை அதற்கு 'மூலதேவீயம்' என்றொரு முறையைக் காட்டுகிறது: அ-வும் க-வும், ச-வும் ட-வும், த-வும் ப-வும் இடம் மாறிக்கொள்ளும். கேரளத்தில் வழங்கிய மூலபத்ரியும் இதே வகை.

போன வருஷம் க-பாஷைக்கு ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினேன். முதல் ரன்னிலேயே குப்பை. 'நான்' நமக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் ந, துணைக்கால், ன, புள்ளி என்று நான்கு. நான்குக்கு முன்னாலும் 'க' ஒட்டிக்கொண்டது. திருத்தினால் 'கநாகன்' என்றது. அப்பாயி 'கநான்' என்றுதான் சொல்வார். யாப்பில் ஒற்று முன்னெழுத்தோடு சேர்வதுபோல, மெய்யை அவர் தனியே விடமாட்டார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்.

ப்ரோக்ராமர் கண்ணுக்கு இது பூட்டே இல்லை. சாவி ஊருக்கே தெரியும். காப்பாற்றுவது வேகம் மட்டும்தான்: கேட்கிறவர் பிரிக்கிறதுக்குள்ள பேச்சு அடுத்த வரிக்குப் போயிருக்கும். பாரிஸ் புறநகர் இளைஞர்களின் வெர்லானுக்கும் இதே சிக்கல். சொல்லைத் திருப்பிப் போடும் பாஷை அது. 'அராப்' என்பது 'பெர்' ஆனது. அது எல்லாருக்கும் தெரிந்துபோனதும், அதையே மறுபடி திருப்பி 'ரெபெ' ஆக்கினார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒருநாள் ரகசியம் உடைந்தது. "கபகணம் கஇல்கல" காதில் விழுந்ததும் தண்டல்காரர் நோட்டை மூடினார். தலை நிமிராமல் கேட்டார்: "கஎப்கப கவகரட்கடும்?" எப்ப வரட்டும்?

அத்தை சிரித்துவிட்டார். அப்பாயி சிரிக்கவில்லை. இல்லாமையை மறைக்க இருந்த ஒரே திரை அது. அந்த மனுசனும் எங்கேயோ சின்னப் புள்ளையா இருந்து, இதே பாஷையைப் பேசி வளர்ந்தவருதான்னு யாருக்கும் தோணல.

மறுவாரம் 'க' போய் 'ச' வந்தது.